கடைசியில் வைப்பது முதலில் வெளிவரும்: தின்பண்டப் பெட்டி கட்டவும் பிரிக்கவும் ஒரு வழிகாட்டி

டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்துவிடுகிறார். பெட்டி யார் பெயருக்கு வந்திருந்தாலும் சரி, பிரிக்கும்போது வீடே சுற்றி நிற்கிறது. உள்ளே இருப்பது இரண்டு பொட்டலம் பிஸ்கட்டும் ஒரு பிடி மிட்டாயுமாகவே இருக்கலாம். அதே பிஸ்கட்டைக் கடையிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

இந்த மகிழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். தொலைவில் இருப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தின்பண்டப் பெட்டிகள் கட்டி அனுப்பிவருகிறேன். எனக்கு வருபவற்றை ஆசையாகப் பிரித்தும் வருகிறேன். முதல் முறையாக ஒரு பெட்டி கட்ட உட்காருபவருக்கு உதவும் என்று, கற்றுக்கொண்டதை இங்கே வேலையின் வரிசைப்படி எழுதுகிறேன். நீங்கள் அனுப்புவது விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்காக இருக்கலாம், வேலைக்காக வேறு ஊர் போன தம்பிக்காக இருக்கலாம், அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கும் தோழிக்காகவும் இருக்கலாம். முறை ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுகிறவரும் பிரிக்கிறவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். நீங்கள் முதலில் வைப்பது அவர் கைக்குக் கடைசியாக வரும். கடைசியில் வைப்பது முதலில் வரும். ஆகவே பெட்டி கட்ட உட்காரும்போது, இன்னொருவர் அதன்முன் உட்காரப்போகும் அரை மணி நேரத்தை நீங்கள் முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி அடுக்குகிறீர்கள். புதியவர்கள் கவனத்தையெல்லாம் பொருள் வாங்குவதிலேயே செலவழித்துவிட்டு, பிறகு கிடைத்த இடத்தில் திணித்து மூடிவிடுகிறார்கள். விலை உயர்ந்த பண்டங்கள் நிறைந்த பெட்டி ஒரே நிமிடத்தில் பார்த்து முடிந்துபோவதும், எளிய பண்டங்கள் கொண்ட பெட்டி மாலை முழுவதும் பேச்சாக இருப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

யார் பிரிக்கப்போகிறார்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பெறுபவரின் பெயரை மேலே எழுதி, அதன்கீழ் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அவர் எதை விரும்பிச் சாப்பிடுவார்? எதைச் சாப்பிடவே கூடாது? பெட்டியைப் பிரிக்கும்போது அவருடன் யார் இருப்பார்கள்?

1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, பிரிட்டன் இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியிலிருந்து போர்முனை வீரர்களுக்குச் சிறு பித்தளைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. ஐந்து அங்குல நீளம், மூன்றேகால் அங்குல அகலம். உள்ளங்கையில் அடங்கும் அளவு. பெரும்பாலோருக்குப் புகையிலையும் சிகரெட்டும் கிடைத்தன. புகைபிடிக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும், எழுதுவதற்குத் தாளும் பென்சிலும். சீக்கிய வீரர்களின் பெட்டியில் கற்கண்டும், ஒரு சின்னத் தகரப் பெட்டியில் மசாலாப் பொருள்களும் இருந்தன. செவிலியருக்குச் சாக்லேட். இலட்சக்கணக்கில் பெட்டி அனுப்பும்போதும், போர் நடந்துகொண்டிருக்கும்போதும், ‘இதைத் திறப்பவர் யார்’ என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நாம் ஒரே ஒருவருக்கு அனுப்புகிறோம். அவரைப் பற்றி ஐந்து நிமிடம் நினைப்பது கடினமில்லை.

இரண்டாவது கேள்வியில் தயக்கமே வேண்டாம், தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்றவை ஒவ்வாமல் உயிருக்கே ஆபத்து வரும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகளைத் தாங்கும் வலிமை அந்தக் குடலுக்கு இன்னும் வந்திருக்காது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கொட்டைகளும் உருண்டையான கடின மிட்டாயும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கேட்டால் ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று நினைக்காதீர்கள். “உனக்கு எது ஒத்துக்கொள்ளாது?” என்ற கேள்வியிலிருந்து பெட்டியில் என்ன வரும் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் அறையில் நான்கு பேர் தங்கியிருக்க, பெட்டியில் ஒரே ஒரு கேக் துண்டு இருந்தால், பெறுபவர் சங்கடப்படுவார். சுற்றி எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுக்கும்படி ஏதேனும் ஒன்றாவது எண்ணிக்கையில் இருக்கட்டும்.

எதை வைக்கலாம்

பெரிய பொட்டலம் ஒன்றைவிடச் சிறிய பொட்டலங்கள் பல என்பதுதான் என் முறை. ஒரு கிலோ உலர்பழத்தை ஒரே பையில் வைத்தால் அது மளிகைச் சாமான். அதையே ஏழெட்டுச் சிறு பொட்டலங்களாகப் பிரித்தால் ஏழெட்டு முறை கை பெட்டிக்குள் போகும்.

பயணத்தைத் தாங்குமா என்று ஒவ்வொரு பண்டத்தையும் பாருங்கள். பெட்டி வண்டியில் வெயிலில் நிற்கும், கிடங்கில் மூன்று நாள் கிடக்கும், அதன்மேல் வேறு பெட்டிகள் ஏறும்.

சாக்லேட்டுக்கு வெப்பம் பகை. அதிலுள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைவதும் அதனால்தான். வெயில் காலத்தில் அனுப்ப வேண்டாம். உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின்மேல் சாம்பல் பூத்தாற்போல வெண்மை படியும். அது பூஞ்சை அல்ல. கொழுப்பு மேலே வந்து உறைந்த படலம். சாப்பிடலாம், ஆனால் பார்த்ததும் மனம் வாடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ‘வெண்மை படிந்திருந்தால் பயப்படாதே’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

மொறுமொறுப்பானதையும் மென்மையானதையும் ஒரே டப்பாவில் சேர்க்காதீர்கள். கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்ச் சேரும். இரண்டு நாளில் பிஸ்கட் நமத்துப்போகும், கேக் வறண்டுபோகும். இரண்டும் கெடும். தனித்தனியாகக் காற்றுப் புகாமல் மூடினால் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்.

வாசனையைப் பற்றி நான் வருத்தப்பட்டுக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. என் அக்கா மகளுக்கு முதல் வேலை கிடைத்தபோது, நானே சுட்ட பிஸ்கட்டுகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பினேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. நல்ல வாசனைச் சோப்பு இரண்டை அங்கே வைத்தேன். ஆறு நாள் கழித்துப் பெட்டி சேர்ந்தது. ஒரு பிஸ்கட்கூட உடையவில்லை. எல்லாம் சோப்பாக மணந்தன. “சித்தி, பார்க்க அழகாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னாள். உண்மை தெரியவந்த நாளிலிருந்து சோப்பு, வாசனைத் திரவியம், காபித்தூள், மசாலாப் பொடி எதையும் தின்பண்டத்தோடு வைப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பை வாசனையைத் தடுக்காது. மாவும் வெண்ணெயும் கலந்த பண்டங்கள் பக்கத்தில் இருக்கும் மணத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

தேன், ஜாம், ஊறுகாய் போன்ற ஈரப் பண்டங்கள் விமானத்தில் போனால் கசியும் வாய்ப்பு அதிகம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருக்கும் அளவுக்குக்கூடப் போகும். புட்டியின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியைத் தள்ளும். வறுவல் பாக்கெட்டுகள் பந்துபோல உப்பி நிற்பதும் இதனால்தான். தரைவழியே போகும் பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை. எப்படிப் போனாலும், புட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பைகளுக்குள் போட்டு, தனியாக முடிச்சுப் போடுங்கள்.

தின்பண்டம் அல்லாத ஒன்றிரண்டும் இருக்கட்டும்: ஒரு புகைப்படம், அவர் சின்ன வயதில் வரைந்த படம், ஒரு ஜோடிக் காலுறை. பாடும் வாழ்த்து அட்டை மட்டும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். அதற்குள் பொத்தான் அளவு மின்கலம் இருக்கும். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

பெட்டியும் பஞ்சணையும்

அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். 1856-ல் இங்கிலாந்தில் இந்த நெளிவுத் தாளுக்குக் காப்புரிமை வாங்கியபோது, உயரமான தொப்பிகளின் உட்பட்டைக்காகத்தான் வாங்கினார்கள். கண்ணாடிப் பொருள்களைச் சுற்ற அது உதவும் என்று 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் காப்புரிமை பெற்றார். அந்த அலைகள் சிறு சிறு தூண்கள்போல நின்று எடையைத் தாங்குகின்றன. பெட்டியை நிறுத்தும்போது அலைகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும் என்பதும், நசுங்கிய பெட்டி ஏன் உதவாது என்பதும் இதிலிருந்து புரியும்.

பழைய பெட்டியைப் பயன்படுத்துவதில் தவறில்லை; நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் ஒதுக்கிவிடுங்கள். ஒருமுறை நனைந்து காய்ந்த அட்டையும் வேண்டாம். பழைய உறுதி திரும்பாது. பழைய முகவரிச் சீட்டு, கோட்டுக்குறி (பார்கோடு) எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் பெட்டி வேறு எங்காவது போய்ச் சேரும்.

அளவைப் பொருத்தவரை, பண்டங்களை மேசையில் குவித்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலம் இடம் விட்டால் எவ்வளவு வருமோ அதுதான் பெட்டி. பெரிய பெட்டியில் பாதி காலியாக இருந்தால் உள்ளே எல்லாம் உருண்டு உடையும். திணித்த பெட்டியில் அடி நேராகப் பண்டத்தில் விழும்.

இடைவெளியை நிரப்பக் கசக்கிய தாள் போதும். தாளைத் தளர்வாகக் கசக்குங்கள். இறுக்கி உருட்டினால் கல்லாகிவிடும், மெத்தையாக இருக்காது. குமிழ்த்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. 1957-ல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் குளியலறைத் திரைகள் இரண்டை ஒட்டி, சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக விற்கலாம் என்று செய்து பார்த்தது அது. சுவருக்கு யாரும் வாங்கவில்லை. இன்று பெட்டியைப் பிரித்த பிறகும் அரை மணி நேரம் அதைப் பட் பட் என்று உடைத்துக்கொண்டிருக்கிறோம். இதையும் ஒரு பரிசாகவே எண்ணி ஒரு துண்டு சேர்த்துவிடுவேன்.

பொடியாக உதிரும் தெர்மோகோல் மணிகளைத் தவிருங்கள். உணவில் ஒட்டும், தரையெல்லாம் பறக்கும், பிரிக்கிறவரின் மகிழ்ச்சியில் பாதி துடைப்பத்தோடு போய்விடும்.

ஒவ்வொன்றையும் மூடுங்கள்

உள்ளே இருக்கும் சிறு பொட்டலங்களையும் தனித்தனியே சுற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். ஆம். பெட்டி திறந்ததும் எல்லாம் கண்ணில் பட்டுவிட்டால் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்தது. ஒவ்வொன்றும் சுற்றியிருந்தால் பத்துப் பெட்டிகளைப் பிரிக்கும் இன்பம் ஒரு பெட்டியில் கிடைக்கும்.

அழகாகச் சுற்றத் தெரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நண்பரிடமிருந்து வந்த பரிசு கோணல்மாணலாகச் சுற்றப்பட்டிருந்தபோது, நேர்த்தியாகச் சுற்றியதைவிட அதைப் பெற்றவர்கள் அதிகம் விரும்பினார்கள். மிக நேர்த்தியான உறை எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது. உள்ளிருக்கும் பொருள் அந்த உயரத்துக்கு எட்டாமல் போகிறது. அதிகம் பழகாதவர்கள் கொடுத்த பரிசில் மட்டும் நேர்த்திக்கு மதிப்பு இருந்தது. ஆகவே தம்பிக்கு அனுப்பும் பெட்டிக்குப் பழைய நாள்காட்டித் தாளும் ஒரு நூலும் போதும். புதிதாகப் பழகியவருக்கு அனுப்பினால் கொஞ்சம் மடிப்புப் பார்த்துச் சுற்றுங்கள்.

தாள் உணவில் நேரடியாகப் படக் கூடாது, அச்சு மை ஒட்டும். முதலில் சுத்தமான பை அல்லது வெண்ணெய்த்தாள், அதன்மேல் அலங்காரத் தாள். தாளில் டேப்பை ஒரே ஒரு துண்டு ஒட்டுங்கள். சுற்றிச் சுற்றி ஒட்டிய பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும்; முதியவர்களின் விரல்கள் அதனுடன் போராடுவதைப் பார்த்திருக்கிறேன். நூலால் கட்டினால் இழுத்தால் அவிழும் முடிச்சுப் போடுங்கள்.

எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், இரண்டை மட்டும் மறைக்கக் கூடாது: உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, எதுவரை கெடாது. பண்டத்தின் பெயரை வெளியில் எழுதினால் ஆச்சரியம் போகும். உறைக்கு உள்ளே ஒரு சின்னச் சீட்டில் எழுதிவிடுங்கள்.

நான் மிகவும் விரும்பிச் செய்யும் ஒன்று உண்டு. சில பொட்டலங்களின்மேல் நாள் குறித்துவிடுவேன்: ‘தேர்வு முடிந்த மாலையில் பிரி’, ‘தூக்கம் வராத இரவில் பிரி’, ‘மழை பெய்தால் பிரி’. பெட்டி வந்த நாளோடு முடியாமல் பல வாரங்கள் நீளும். ஒரு மாணவி, மழைக்கான பொட்டலத்தைப் பிரிக்க மூன்று வாரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இப்படிக் குறிப்பவற்றில் நீண்ட நாள் கெடாதவற்றையே வையுங்கள்.

அடுக்கும் வரிசை

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பொட்டலங்களை மேசையில் பரப்பி, பிரிக்கிறவர் எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று இடமிருந்து வலமாக அடுக்குங்கள். பிறகு வலக்கோடியிலிருந்து பெட்டிக்குள் வைக்கத் தொடங்குங்கள்.

முதலில் எடுப்பது கடிதமாக இருக்கட்டும், அதோடு உடனே வாயில் போட ஒரு சின்ன இனிப்பு. பெட்டியைத் திறந்தவருக்குப் பொறுமை இருக்காது; அந்த இனிப்பை மென்றுகொண்டே மீதியை நிதானமாகப் பார்ப்பார். நடுவில் அவருக்கு நன்கு தெரிந்த, எப்போதும் விரும்பும் பண்டங்கள். அவற்றுக்கு இடையில் அவர் இதுவரை சுவைத்திராத ஒன்று. அடியில், எல்லாம் முடிந்தது என்று தாளை ஒதுக்கும்போது கையில் தட்டுப்படும்படி ஒரு கடைசிப் பொட்டலம்.

இந்த அடிப்பொட்டலத்தை மறக்கவே மறக்காதீர்கள். அதற்கு மேல் ஒரு அட்டையை வெட்டிப் போட்டு, பெட்டியின் தரை அதுதான் என்று தோன்றும்படி செய்யலாம். அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன ரிப்பன் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். யாரும் இழுக்காமல் விட மாட்டார்கள்.

எதிர்பாராதது ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தெழுந்தன. ஒரு அடையாளத்துக்குப் பின் சாறு வரும் என்று பழகியதும், சாறு வரும்போது அமைதியாக இருந்துவிட்டு, அடையாளம் தோன்றும்போதே துடித்தன. அடையாளம் வந்தும் சாறு வராதபோது, வழக்கமான துடிப்பும் அடங்கியது. 1997-ல் அவரும் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்குக் கணித முறையில் விளக்கம் தந்தது: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அந்த அணுக்கள் சொல்கின்றன.

டேப் கிழியும் சத்தத்துக்கு வீடே கூடுவது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது, சத்தமே அடையாளமாகிவிடுகிறது. பெட்டி கட்டுகிறவருக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லாதீர்கள். ‘உனக்குப் பிடித்த அது வருகிறது’ என்று சொல்லிவிட்டால், அதை வைக்காமல் விடாதீர்கள். வெறுமனே இல்லாமல் இருப்பதைவிட, சொல்லி இல்லாமல் போவது அதிகம் வலிக்கும். மாதம்தோறும் அனுப்புகிறவராக இருந்தால் வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே பண்டம் ஒரே இடத்தில் மூன்றாம் முறை வந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

எடையோடு இந்த வரிசை சில நேரம் மோதும். கனமானது அடியில்தான் இருக்க வேண்டும். மேலே வைத்தால் கீழே உள்ளவை நொறுங்கும். ஆனால் கனமான ஜாம் புட்டி கடைசி ஆச்சரியமாக இருக்க விருப்பமில்லை என்றால்? அடிப்பொட்டலத்தை ஒரு உறுதியான சிறு டப்பாவில் போட்டு, புட்டிகளுக்கு நடுவே குழிபோல இடம்விட்டு வையுங்கள். புட்டி ஒன்றோடொன்று உரசாமல் நடுவே அட்டை. எளிதில் உடையும் பிஸ்கட்டை டப்பாவில் படுக்க வைக்காமல், நாணயங்களை அடுக்குவதுபோல ஒட்டி நிறுத்துங்கள்.

அடுக்கி முடித்ததும் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் வந்தால் இன்னும் தாள் வேண்டும். சத்தம் நிற்கும்வரை, திணிக்காமல் நிரப்புங்கள்.

மூடி அனுப்புதல்

டேப்பை நடு இணைப்பில் நீளவாக்கில் ஒன்று, இரு ஓரங்களில் குறுக்காக ஒவ்வொன்று என்று ஒட்டுங்கள்; மேலேயும் கீழேயும். அதற்கு மேல் பெட்டி முழுவதும் சுற்ற வேண்டாம். உள்ளேயும் ஒரு சீட்டில் இருவர் முகவரியையும் எழுதிப் போடுங்கள், வெளிச்சீட்டு கிழிந்துபோனால் அது காப்பாற்றும். வார இறுதிக்கு முன்னால் அனுப்பாமல் வாரத் தொடக்கத்தில் அனுப்பினால், கிடங்கில் இரண்டு நாள் சும்மா கிடக்காது.

நாடு கடந்து அஞ்சலில் போகும் பெட்டிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. சுங்க அறிவிப்புப் படிவம் ஒட்ட வேண்டும். சிறு பொதிகளுக்கு அதன் பெயர் சி.என். 22, பெரியவற்றுக்கு சி.என். 23. உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்று அதில் உண்மையாக எழுத வேண்டும். பெட்டியின் வெளியே, எல்லோரும் பார்க்கும்படி. இவ்வளவு மறைத்துக் கட்டியதெல்லாம் இங்கே வெளியாகிவிடுமே என்று முதல் முறை எனக்கு மனமே வரவில்லை. பொய் எழுதக் கூடாது. ‘பரிசு’ என்று மட்டும் எழுதினால் பெட்டி திரும்பிவரலாம். ஆனால் ‘கோதுமை பிஸ்கட், 400 கிராம்’ என்பது முழு உண்மை. அது நீங்கள் சுட்டது, நட்சத்திர வடிவில் வெட்டியது, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து பொறித்தது என்பதைச் சுங்க அதிகாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல நாடுகள் இறைச்சி, பால் பொருள்கள், புதிய பழங்கள், விதைகள் ஆகியவற்றை அனுமதிப்பதில்லை. போகும் நாட்டின் பட்டியலைப் பார்த்த பிறகே பண்டம் வாங்கப் போங்கள்.

பெட்டி உங்கள் கைக்கு வந்தால்

பிரிக்கிறவருக்கும் சில செய்திகள். பெட்டி நனைந்தோ கிழிந்தோ வந்திருந்தால், திறக்கும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்க வேண்டியிருந்தால் அதுதான் சான்று.

வாசலில் நின்றபடி பிரிக்காதீர்கள். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு, மேசையைத் துடைத்து, உட்கார்ந்து பிரியுங்கள். அனுப்பியவர் ஒரு மாலை செலவழித்துக் கட்டியது அது. அருகில் பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று முறைவைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்; ஒருவர் பிரிக்கும்போது மற்றவர்கள் என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்லட்டும். குலுக்கிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது எல்லாவற்றுக்கும் இடம் கொடுங்கள். குழந்தை பெட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் அதையும் தடுக்க வேண்டாம்.

கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். முனை மட்டும் டேப்பைத் தொடட்டும். உடம்புக்கு எதிர்ப்புறமாக இழுங்கள். சாவியின் முனையே பல நேரம் போதும். கீழே உள்ள தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்த பிறகே குப்பையில் போடுங்கள், சிறிய பொட்டலங்கள் அவற்றில்தான் ஒளிந்திருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உடனே எடுத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சர்க்கரைப் பொட்டலம்போலவே இருக்கும்.

முதலில் கெடக்கூடியவற்றை அன்றே தனியாக எடுத்து வையுங்கள். கேக், வீட்டில் செய்த மென்மையான பண்டங்கள் முதல் வரிசை. மொறுமொறுப்பானவற்றைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். நமத்துப்போன பிஸ்கட்டைக் குறைந்த சூட்டில் சில நிமிடம் அடுப்பில் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். நொறுங்கியவற்றை எறிய வேண்டாம்; தயிரின் மீதோ பழத்துண்டுகளின் மீதோ தூவிச் சாப்பிடலாம்.

பெட்டி நல்ல நிலையில் இருந்தால் மடித்து வையுங்கள். தாளையும் நூலையும் அதற்குள்ளேயே போட்டு வைத்தால் அடுத்த முறைக்குத் தேட வேண்டியதில்லை.

அன்றே அனுப்பியவருக்கு எழுதுங்கள். ‘கிடைத்தது, நன்றி’ என்று மட்டும் எழுதினால் அவருக்குப் பசி அடங்காது. எதை முதலில் எடுத்தீர்கள், எந்தப் பொட்டலத்தை யார் பிடுங்கிக்கொண்டார்கள், அடியில் இருந்ததை எப்போது கண்டுபிடித்தீர்கள், எது அன்றிரவே தீர்ந்துபோனது என்று எழுதுங்கள். எது உடைந்து வந்தது, எது வாடை பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அக்கா மகள் சோப்பு மணத்தைப் பற்றி என்னிடம் வாய்திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவளுக்கு இன்னும் மூன்று பெட்டிகள் அப்படியே போயிருந்தன.